பயிற்சி வகுப்பை மெஷின் பக்கத்துக்குக் கொண்டு போங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பயிற்சி அலுவலராக இருக்கிறேன். எனக்கு வயது 26. மொத்தம் 280 தொழிலாளர்கள், அதில் டெய்லர்கள் 160 பேர். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 2 மணி நேரம் தரம் பற்றி வகுப்பு எடுக்கிறோம். புரொஜெக்டரில் 60 ஸ்லைடு காட்டுகிறேன். பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். திங்கட்கிழமை அதே கோளாறுகள்தான்: பிளாட்லாக் மெஷினில் தையல் விட்டுவிடுகிறது, நீடில் கட் (ஊசி அறுத்த ஓட்டை) விழுகிறது, பக்கவாட்டுத் தையலான சைடு அடிக்கும்போது இரண்டு துணியும் ஒத்துப்போகாமல் ஏற்ற இறக்கம் வருகிறது. பாதி டெய்லர்கள் ஒடிசா, பீகார்க்காரர்கள், தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். போன மாதம் ஒரு மூத்த டெய்லர் அக்கா, “எனக்கு இருபது வருஷ சர்வீஸ். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வகுப்பைச் சுவாரசியமாக்க விளையாட்டு, வினாடி வினா என்று ஏதாவது வைக்கச் சொல்கிறார் முதலாளி. பெரிய பட்ஜெட் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தவர் சனிக்கிழமை சாயங்காலம் இருட்டு அறையில் கண்ணை மூடினால் அது உடம்பின் களைப்பு, உங்கள் பேச்சின் குறை இல்லை. ஆனால் நேரத்தை மாற்றினால் மட்டும் திங்கட்கிழமைக் கோளாறு போய்விடாது. வேலை நடப்பது மெஷினில். நீங்கள் சொல்லித் தருவது திரையில். இந்த இடைவெளியை அடைப்பதுதான் முதல் வேலை.

பயிற்சி கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். தொழில் பயிற்சித் துறையில் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970இல் முன்வைத்த கேள்வி அது: உயிர் போகிற நிலை வந்தால் இவரால் இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்குத் திறமை இருக்கிறது, பயிற்சி தேவையில்லை, தடுப்பது வேறு ஏதோ. முடியாது என்றால்தான் பயிற்சி. நீங்கள் எழுதிய மூன்று கோளாறுகளையும் இந்தக் கேள்வியில் போட்டுப் பாருங்கள். மூன்றும் மூன்று திசையில் போகும்.

நீடில் கட்டை எடுத்துக்கொள்வோம். பின்னல் துணியில் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நூலை அறுத்தால் ஓட்டை. ஊசி முனை மழுங்கியிருந்தாலோ பிசிறு விழுந்திருந்தாலோ அறுக்கும். துணிக்குத் தேவையானதைவிடத் தடித்த ஊசி போட்டாலும் அறுக்கும். சாதாரண முனை ஊசியைப் பால் பாயிண்ட் ஊசி வேண்டிய இடத்தில் போட்டாலும் அறுக்கும். இவை டெய்லர் கையில் இருக்கிற காரணங்கள். ஆனால் சாயப்பட்டறையில் சாஃப்ட்னர் குறைவாகப் போய்த் துணி வறண்டு வந்திருந்தால் நல்ல ஊசியும் அறுக்கும். அப்போது 160 பேருக்கு 2 மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் ஓட்டை விழத்தான் செய்யும். ஒரே லைனில் ஒரு மெஷினில் மட்டும் விழுகிறதா, ஒரு லாட் துணி போகிற எல்லா மெஷினிலும் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு மெஷின் என்றால் ஊசி, எல்லா மெஷினும் என்றால் துணி.

தையல் விடுவதும் இப்படித்தான். ஊசி வளைந்திருப்பது, ஊசியை முழுதாக மேலே ஏற்றாமல் முடுக்கியது, திசை மாற்றிப் போட்டது, நூல் கோத்த வழி தப்பியது ஆகியவை டெய்லரிடம் உள்ளவை. அடியில் இருந்து ஊசி நூலைப் பிடிக்கிற லூப்பரின் டைமிங் தப்பியிருந்தால் அது மெக்கானிக் வேலை. டெய்லருக்கு அங்கே தெரிய வேண்டியது, எந்த இடத்தில் தான் நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான். டைமிங்கைப் பற்றி நீங்கள் போட்ட ஸ்லைடுகள் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. அவற்றை எடுத்துவிடுங்கள்.

சைடு ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கைப்பழக்கம். ஓவர்லாக் மெஷினில் அடித்துணியைப் பல் இழுக்கிறது, மேல்துணியைப் பாதம் தடுக்கிறது. அதனால் கடைசியில் மேல்துணி மிஞ்சி நிற்கும். துணி இழுபடுவதையும் சுருங்குவதையும் கட்டுப்படுத்த மெஷினில் டிஃபரன்ஷியல் ஃபீட் (முன்பல்லையும் பின்பல்லையும் வேறு வேறு அளவில் நகர்த்துகிற அமைப்பு) இருக்கிறது. அது சரியாக வைக்கப்பட்டிருந்தும் கோளாறு வந்தால், எந்தத் துணியை எவ்வளவு தளர விடுவது, நாட்ச்சை (துணிகள் சேர வேண்டிய இடத்தைக் காட்டும் வெட்டுக்குறியை) எங்கே சேர்ப்பது என்பது கைக்குப் படியவில்லை என்று அர்த்தம். பயிற்சி முழுதாகப் பலன் கொடுக்கக்கூடிய இடம் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் பாருங்கள். பீஸ் ரேட்டில் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) வேலை நடந்து, ஆல்ட்ரேஷன் வந்த பீஸை வேறு ஆள் சரிசெய்கிற ஏற்பாடு இருந்தால், வேகமாக அடிப்பதுதான் டெய்லருக்கு லாபம். அவருக்குச் சரியாகத் தைக்கத் தெரியும். தைக்காமல் இருப்பதற்குக் காரணம் கூலிக் கணக்கு. அதை முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது பயிற்சி அலுவலரின் பொறுப்பு. தொழிலாளி தலையில் வகுப்பாக இறக்கி வைத்தால் அநியாயம்.

ஆகவே முதல் வாரம் வகுப்பே வேண்டாம். செக்கிங் டேபிள் ரிஜிஸ்டரை எடுத்து, கடந்த 2 வாரத்தில் எந்த லைனில், எந்த ஆபரேஷனில், எந்தக் கோளாறு எத்தனை என்று பிரியுங்கள். பிறகு 3 நாள் லைனில் நின்று பாருங்கள். செக்கிங் செய்கிற பெண்களிடம் கேளுங்கள். எந்த மெஷினில் இருந்து எது வரும் என்று அவர்களுக்கு ரிஜிஸ்டரைவிட நன்றாகத் தெரியும். அதில் இருந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். “தரம் பற்றிய விழிப்புணர்வு” என்ற தலைப்பை விட்டுவிடுங்கள், அது நிறைவேறியதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. “பிளாட்லாக் டெய்லர், யார் உதவியும் இல்லாமல், ஊசியை மாற்றி, வேஸ்ட் துணியில் தைத்து, இழுத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று தானே சொல்வார்.” இப்படி எழுதினால் பார்த்துச் சொல்லலாம்.

அடுத்தது அந்த வேலையைப் பிரித்து எழுதுவது. இந்த முறை புதிதல்ல. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்குப் புது ஆட்களைப் பழக்குவதற்குச் சார்லஸ் ஆலன் நான்கு படிப் பயிற்சி முறையைக் கையாண்டார். அதையே செப்பனிட்டு 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் தொழிற்சாலைக்குள் பயிற்சி என்ற திட்டம் நடந்தது. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு இன்று வரை அதன் சாயலில் ஆட்களைப் பழக்குகிறது. பனியன் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம், இதற்கு ஒரு தாள், ஒரு மெஷின், ஒரு நல்ல டெய்லர் போதும்.

தாளில் மூன்று பத்தி: என்ன செய்ய வேண்டும், எதில் கவனம் வேண்டும், ஏன். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். உங்கள் கம்பெனியின் மிக நல்ல டெய்லர் பக்கத்தில் நின்று, அவர் செய்யச் செய்ய எழுதுங்கள். “எப்படிச் செய்யறீங்க?” என்று கேட்டால், “சாதாரணமாத்தாங்க” என்பார். பல வருடம் பழகிய கை என்ன செய்கிறது என்று வாய்க்குத் தெரியாது. “இப்ப ஏன் அங்க நிறுத்தினீங்க?”, “இந்த விரலை ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டால்தான் சூட்சுமம் வெளியே வரும். பிளாட்லாக் ஊசி மாற்றுவதற்கான தாள் இப்படி இருக்கலாம்:

மெஷினை அணைக்கவும். கவனம்: சுவிட்சை அணைத்த பிறகு பெடலை ஒருமுறை மிதித்து, ஓட்டம் நின்றதை உறுதி செய்யவும். ஏன்: கிளட்ச் மோட்டார் அணைத்த பிறகும் சிறிது நேரம் சுற்றும், கால் பட்டால் ஊசி விரலில் இறங்கும்.

வீலைக் கையால் சுற்றி ஊசியை மேலே கொண்டுவந்து பழைய ஊசியைக் கழற்றவும். கவனம்: திருகைத் தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்றக் கூடாது. ஏன்: சின்னத் திருகு, துணிக்குள் விழுந்தால் அதைத் தேடி முடிக்கும்வரை லைன் நிற்கும்.

புது ஊசியைப் போடவும். கவனம் இரண்டு: நீளப் பள்ளம் தைப்பவரைப் பார்த்திருக்க வேண்டும், ஊசி மேலே முட்டும்வரை ஏற வேண்டும். ஏன்: நூல் வளையத்தை லூப்பர் பின்பக்கமாக வந்து பிடிக்கிறது. ஊசி திரும்பியிருந்தாலோ கொஞ்சம் இறங்கியிருந்தாலோ வளையம் சிக்காமல் தையல் விடும்.

முடுக்கி, வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றவும். ஏன்: எங்காவது இடித்தால் இப்போதே தெரியும், மோட்டாரில் தெரிந்தால் ஊசி உடைந்திருக்கும்.

வேஸ்ட் துணியில் தைத்து, தையலை அகலவாட்டில் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். ஏன்: நீடில் கட் இழுக்காமல் தெரியாது, துவைத்த பிறகுதான் விரியும்.

பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்குகிற முறையும், ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுகிற முறையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் தனியாக, ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கும் டிடெக்டருக்குப் போக வேண்டும் என்பதையும் இதே தாளில் கடைசிப் படியாகச் சேருங்கள். தனி வகுப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது படியில் உள்ள பள்ளத்தின் திசையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தருவதில் உள்ள முக்கியச் சிக்கல் அதில் இருக்கிறது. சாதாரண ஒற்றை ஊசித் தையல் மெஷினான பவர் டேபிளில் நூலை இடப்பக்கம் இருந்து கோப்போம், அதனால் ஊசியின் நீளப் பள்ளம் இடப்பக்கம் இருக்கும். பத்து வருடம் பவர் டேபிள் அடித்தவர் பிளாட்லாக்குக்கு வந்தால் கை தானாக அந்தப் பக்கம் திருப்பிப் போடும். அவருக்குத் தெரியாததால் வருகிற தப்பு இல்லை இது. வேறொன்று நன்றாகத் தெரிந்திருப்பதால் வருவது. புது ஆளுக்கு இல்லாத இடர் அனுபவசாலிக்கு இருக்கிறது. எனவே அவருக்கு “இப்படிப் போடுங்கள்” என்று மட்டும் சொன்னால் போதாது. “பவர் டேபிள்ல அப்படித்தாங்க்கா, அது சரி. இங்க லூப்பர் பின்னால வருது, பாருங்க” என்று வீலைச் சுற்றிக் காட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்ததைச் சரியென்று ஒப்புக்கொண்டு, அது எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்று கண்ணால் பார்க்க வைத்தால் கை மாறும். வயது வந்தோர் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய மால்கம் நோல்ஸ், அனுபவம் கொண்டவர் அதைத் தன்னில் ஒரு பகுதியாகவே பார்க்கிறார் என்பதை அழுத்திச் சொன்னார். அனுபவத்தைத் தள்ளிவைத்தால் தன்னையே தள்ளிவைத்ததாக அவர் எடுத்துக்கொள்வார்.

உங்கள் மூத்த டெய்லர் அக்கா கேட்ட கேள்விக்கும் பதில் இதுதான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இருபது வருட வேலைக்காரரை, அதில் அவருக்கு எது தெரியும் என்றுகூடக் கேட்காமல், எல்லாரோடும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரிடம் தனியாகப் போங்கள், லைனில் எல்லார் காதும் இருக்கும்போது வேண்டாம். “அக்கா, சைடு அடிக்கறதுல உங்க பீஸ் மட்டும் ஆல்டருக்கு வர்றதே இல்லைங்க. கை எப்படி வெக்கறீங்கன்னு பக்கத்துல நின்னு எழுதிக்கட்டுங்களா?” இது முகஸ்துதியாக இருக்கக் கூடாது. ரிஜிஸ்டரைப் பார்த்து, உண்மையிலேயே அவர் பீஸ் வராத கோளாறைச் சொல்லிக் கேளுங்கள். ரிஜிஸ்டரில் அவர் பெயரும் இருந்தால், “இந்த ஸ்டைல்ல எல்லாருக்குமே ஏத்த இறக்கம் வருதுங்க்கா, எதனாலன்னு உங்களுக்குத் தோணுது?” என்று தொடங்குங்கள்.

அவரைப் போல நான்கைந்து பேரைப் பயிற்சியாளராக்குங்கள். ஆனால் நன்றாகத் தைப்பவர் எல்லாரும் நன்றாகச் சொல்லித் தருவதில்லை. நல்ல டெய்லர் செய்கிற வழக்கமான தப்பு இரண்டு: வேகமாகச் செய்துகாட்டி “பாத்தியா?” என்பது, கற்பவர் தடுமாறினால் பீஸைப் பிடுங்கித் தானே தைத்துவிடுவது. இரண்டையும் திருத்தாமல் அவர்களை அனுப்பாதீர்கள். மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் பயிற்சியாளர்களைத் தயாரித்தது ஐந்து நாள், நாளுக்கு 2 மணி நேரம், மொத்தம் 10 மணி நேரத்தில். அதில் பெரும்பகுதி, ஒவ்வொருவரும் தன் வேலையில் ஒன்றைத் தாளில் பிரித்து, மற்றவர் முன் சொல்லித் தந்து பார்ப்பதுதான். நீங்களும் அப்படியே செய்யலாம்.

பயிற்சியாளருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதையும் முதலாளியிடம் பேசி வாங்குங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவர் சொல்லித் தருகிற நேரத்துக்கு அவருடைய சராசரி வருமானம் வந்தே ஆக வேண்டும். கற்பவருக்கும் அப்படித்தான். கூலி போகிற வகுப்பில் மனசு எப்படி நிற்கும்?

இனி ஒரு பயிற்சி நேரத்தைப் பார்ப்போம். ஒரு மெஷின், நான்கு டெய்லர்கள், 25 நிமிடம். நான்குக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஊசியே தெரியாது. காலையில், டீக்கு முன்னால் வையுங்கள். முதல் 3 நிமிடம், கோளாறு விழுந்த உண்மையான பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது இதிலேயே வெளிவந்துவிடும். பிறகு பயிற்சியாளர் மூன்று முறை செய்துகாட்ட வேண்டும்: முதல் தடவை படிகளை மட்டும் சொல்லி, இரண்டாம் தடவை கவனிக்க வேண்டியதையும் சேர்த்து, மூன்றாம் தடவை ஏன் என்பதையும் சேர்த்து. எல்லாவற்றையும் முதல் தடவையே சொன்னால் காதும் கண்ணும் ஒன்றையொன்று தடுக்கும். இதற்கு 6 நிமிடம். மீதி நேரம் முழுதும் அவர்கள் கை. ஒவ்வொருவரும் முதலில் பேசாமல் செய்ய வேண்டும், தப்புப் போனால் அந்த நொடியே நிறுத்தித் திருத்த வேண்டும். அடுத்த தடவை படிகளையும் காரணங்களையும் தன் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கை சரியாகச் செய்து, வாய் காரணத்தைச் சொல்லத் திணறினால் அவர் பார்த்து அப்படியே செய்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கையை நாளைக்கு நம்ப முடியாது.

மொழிக்கு வருகிறேன். இந்த முறையில் பேச்சு குறைவு என்பதால் ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் பாதிச் சிக்கல் தானாகக் குறையும். ஓவர்லாக், நாட்ச், லூப்பர், ஆல்டர் என்ற சொற்கள் அவர்களுக்கும் தெரிந்தவைதான், அவற்றையே பயன்படுத்துங்கள், தமிழ்ப்படுத்த வேண்டாம். “ஏன்” என்ற பத்திதான் மொழி கேட்கும். அதற்கு அவர்களில் ஒருவரைப் பயிற்சியாளர் குழுவில் கட்டாயம் சேருங்கள். தமிழ்ப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கும் ஆளாக வேண்டாம், முழுப் பயிற்சியாளராகவே. மெஷினுக்கு மேலே எழுத்துத் தாள் ஒட்டுவதைவிட, மூன்று தையல் துண்டுகளை அட்டையில் தைத்து மாட்டுங்கள்: சரியானது, தையல் விட்டது, நீடில் கட் விழுந்தது. ஊசி நூல் ஒரு நிறம், லூப்பர் நூல் வேறு நிறம் போட்டுத் தைத்தால் எந்த நூல் சிக்கவில்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

வீடியோ எடுப்பதென்றால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போதும். கை மட்டும் தெரிய வேண்டும். டெய்லரின் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். எதிரில் நின்று எடுத்தால் பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறிவிடும். ஊசியின் திசையைச் சொல்லித் தருகிற வீடியோவில் அது நேர்மாறான பாடமாகப் போகும். பின்னணி இசை போடாதீர்கள், மெஷின் சத்தத்துக்கே அர்த்தம் உண்டு.

எழுதப் படிக்கத் தயங்குகிறவர் தமிழர்களிலும் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். யாரையும் எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள், எழுத்துத் தேர்வும் வைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் படிப்போடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் அவர்களுடைய அன்றாடத்தில் உடனே உதவியது, குழந்தையைக் கூட்டிப் போகவும் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும். வயது வந்தவர்கள் கற்க மாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இன்றைக்குக் கற்றது இன்றைக்கே உதவும் என்று தெரிந்தால் அவர்களைத் தடுப்பதுதான் கடினம்.

25 நிமிடத்தோடு முடிந்தது என்று விட்டால் பாதி போய்விடும். திரும்பத் தொடாத பாடம் முதல் சில நாளிலேயே வேகமாக மறக்கும் என்பதை 1885இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து அளந்து காட்டினார். திரும்பத் தொடுவது என்றால் திரும்பச் சொல்வது இல்லை, கேட்பது. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்தது சுமார் 40 சதவீதம். ஒரே ஒரு முறை படித்து, மூன்று முறை தாங்களாகவே நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதம். உங்கள் லைனில் இதைச் செய்வது சுலபம். அடுத்த நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று முறை 5 நிமிடம் அவர் மெஷினுக்கே போய், கோளாறான பீஸ் ஒன்றைக் கொடுத்துக் கேளுங்கள்: “இதுல என்னங்க கோளாறு? எதனால வந்திருக்கும்? நீங்களே பாப்பீங்களா, மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்களா?” பதில் வரவில்லையென்றால் திட்டாமல், வீலைச் சுற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

நேரக் கணக்கை முதலாளிக்குக் காட்டுங்கள். இப்போது 160 டெய்லர் × 2 மணி நேரம், மாதம் 320 மணி நேரம் போகிறது. புது முறையில் ஒருவருக்கு 25 நிமிடமும் மூன்று 5 நிமிடமும், மொத்தம் 40 நிமிடம். 160 பேருக்கு 107 மணி நேரத்துக்குள் அடங்கும். நான்கு பேர் கொண்ட 40 குழு, 26 வேலை நாள். ஐந்து பயிற்சியாளர் இருந்தால் ஆளுக்கு மாதம் 8 குழு, வாரத்துக்கு இரண்டு. லைன் நிற்காது.

இவ்வளவையும் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார், லைன் சூப்பர்வைசர். புது முறையில் கை பழகும்போது முதல் இரண்டு மூன்று நாள் வேகம் குறையும், அது இயல்பு. அந்த நாளில் “அதெல்லாம் அப்புறம், பீஸைப் போடு” என்று ஒரு குரல் வந்தால் பழைய பழக்கம் அன்றைக்கே திரும்பிவிடும். மறுபடி சொல்லித் தந்தாலும் நம்ப மாட்டார்கள். ஆகவே டெய்லர்களுக்கு முன்னால் சூப்பர்வைசர்களுக்கு இதே 25 நிமிடத்தை நடத்துங்கள், அவர்களும் ஊசியை மாற்றிக் காட்டட்டும். பயிற்சி முடிந்தவருக்கு முதல் 2 நாள் மணிக்கணக்கு டார்கெட் எவ்வளவு குறையும் என்பதை ஒரு எண்ணாகப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் ஷிப்மென்ட் நெருக்கடியில் நிற்காது.

விளையாட்டு வைக்கலாம், வேலையே விளையாட்டின் பொருளாக இருந்தால். 20 பீஸை மேசையில் பரப்புங்கள், அதில் 8 கோளாறானவை. இரண்டிரண்டு பேராக 5 நிமிடத்தில் கண்டுபிடித்து, காரணமும் சொல்ல வேண்டும். சத்தமும் சிரிப்புமாக நடக்கும், ஒவ்வொரு நிமிடமும் வேலைக்கு உதவும். ஜோடியாக வைப்பதற்குக் காரணம், தனியாளாகத் தோற்றுப்போவதை 45 வயதுக்காரர் 20 வயதுக்காரர் முன்னால் விரும்ப மாட்டார். மதிப்பெண் பலகையில் தனித்தனிப் பெயர் வேண்டாம். பலூன் ஊதுவது, நாற்காலி சுற்றுவது போன்றவற்றைக் கம்பெனி விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். “படித்தால் 10 சதவீதம், செய்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும்” என்ற முக்கோணப் படத்தை யாராவது காட்டினால் நம்பாதீர்கள், அந்த எண்களுக்குப் பின்னால் ஆராய்ச்சி எதுவும் இல்லை. இவர் கண்ணால் கற்பவர், அவர் காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரிப்பதும் அப்படித்தான். 2008இல் உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் சான்றுகளைத் தேடிப் பார்த்து, போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

பலன் தெரிகிறதா என்பதை 100 பீஸுக்கு எத்தனை கோளாறு என்ற கணக்கில் பாருங்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை நான்கு மட்டத்தில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் மட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் கடைசியில் இருந்து தொடங்குங்கள். எடுத்துக்கொண்ட ஒரே கோளாறை மட்டும், பயிற்சிக்கு முன் 2 வாரம், பின் 4 வாரம் குறியுங்கள். ஒரே நேரத்தில் எல்லா லைனுக்கும் தராமல் முதலில் ஒரு லைனுக்குத் தந்து, அதே ஸ்டைல் ஓடுகிற இன்னொரு லைனோடு ஒப்பிடுங்கள். ஸ்டைல் மாறினால், துணி மாறினால் கோளாறு எண்ணிக்கை தானாக ஏறும், இறங்கும். அதைப் பயிற்சியின் பலன் என்றோ தோல்வி என்றோ எடுத்துக்கொண்டால் இரண்டுமே தப்பு. எண் குறையவில்லை என்றால் டெய்லரைக் கேட்பதற்கு முன் தாளைத் திரும்பப் படியுங்கள். கவனம் பத்தியில் ஏதோ ஒரு சூட்சுமம் விட்டுப்போயிருக்கும். அல்லது கோளாறு துணியில், மெஷினில் இருக்கும்.

வருகைக் கையெழுத்துத் தாள் ஆடிட்டுக்கு வேண்டும், அதை நிறுத்த வேண்டாம். அதன் பக்கத்தில் இன்னொரு தாள் போடுங்கள். இடப்பக்கம் டெய்லர் பெயர்கள், மேலே வேலைகள்: பிளாட்லாக் ஊசி மாற்றல், சைடு, ரிப், பாட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு காலாகப் பிரித்த வட்டம். பார்த்துவிட்டார் என்றால் ஒரு கால், பயிற்சியாளர் முன் செய்தார் என்றால் இரண்டு, ஒரு மாதம் கழித்தும் தானாகச் செய்தார் என்றால் மூன்று, மற்றவருக்குச் சொல்லித் தர முடியும் என்றால் முழு வட்டம். ஒவ்வொரு காலையும் பார்த்தவர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் போடக் கூடாது. லைனில் ஆள் வராத நாளில் யாரை எந்த மெஷினில் உட்கார வைக்கலாம் என்று சூப்பர்வைசர் இந்தத் தாளைப் பார்க்கத் தொடங்குவார். அப்போது அடுத்த பயிற்சிக்கு ஆள் விடச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது.